தம்பியைக் கூட்டிவரப் போனேன்

2024 பெப்ரவரி 20, செவ்வாய்

தனுஜன் கலியாணம் செய்யப் போகிறான்!

குரல் செய்தியாக அனுப்பியிருந்தான். கடைசித் தரிப்பில் பஸ்ஸை நிறுத்தி, கையுறையைக் கழற்றிவிட்டு, ஸ்டியரிங்கில் சாய்ந்தபடி கேட்டேன். பாதி காற்று இரைச்சல். மீதியில், "அக்கா, பெயர் லெசாரி. இஞ்ச பள்ளிக்கூடத்தில படிப்பிக்கிறா. ஜூனில கலியாணம். எங்கட பக்கத்தில ஆராவது ஒராள் வரவேணும். இல்லாட்டி இவையள் என்னை ஆளில்லாதவன் எண்டு நினைப்பினம்."

திரும்பத் திரும்பக் கேட்டேன். வெளியே பனிக்குள் நின்ற ஒரு மனுசி கண்ணாடியைத் தட்டி, "பொன்ஜூர்! பொன்ஜூர்!" என்று கத்திய பிறகுதான் கதவைத் திறக்கவேண்டும் என்ற ஞாபகமே வந்தது. அவவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தேன். பைத்தியம் என்று நினைத்திருப்பா.

அப்பாவுக்குச் சொல்ல வேண்டும். எப்படி?

பெப்ரவரி 21

சொன்னேன். அப்பா செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். டிவியின் சத்தத்தைக் குறைக்கவில்லை. கூட்டினார்.

பெப்ரவரி 25, ஞாயிறு

இன்றைக்குத்தான் வாய் திறந்தார். சோற்றைப் பிசைந்தபடி, என்னைப் பார்க்காமல்: "நான் ஒரு தீவில இருந்து உயிர் தப்பி வந்தனான். இவன் இன்னொரு தீவில போய்க் குந்தியிருக்கிறான்."

"நாங்கள் இருக்கிற இல்-பிசாரும் தீவுதானே அப்பா?"

"இதுக்குப் பாலம் இருக்குது. அதுக்கு இருக்குதோ?"

அந்த இடத்துக்குப் பாலம் மட்டுமல்ல, விமானமும் இல்லை. பசிபிக் சமுத்திரத்தில், மைக்ரோனேசியாவில், யாப் என்று ஒரு சின்னத் தீவு. அங்கிருந்து கப்பலில் நாட்கணக்காகப் போனால் ஃபாலியெல். வரைபடத்தில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாலும் நீலம்தான் வருகிறது; பிறகு திடீரென்று ஒரு மோதிரம் போல வெள்ளை வளையம். சேம்புத் தோட்டங்களுக்குள் கடல் உப்பு ஏறுவதைப் பற்றி ஆராயப் போனவன் தம்பி. இங்கே கனடாவில், மொன்றியலின் மேற்கு முனையான சென்ட்-ஆனில் உள்ள பல்கலைக்கழக விவசாய வளாகத்தில் மண்ணைப் பற்றிப் படித்தான். ஒரு வருடத்தில் வருவேன் என்றவன். நாலு வருடமாயிற்று.

அப்பா அரியரத்தினம் யாழ்ப்பாணத்து அனலைதீவுக்காரர். டவுன்டவுன் ஹோட்டல் சமையலறைகளில் முதுகு வளைய நின்றுதான் எங்கள் இருவரையும் வளர்த்தார். அம்மா போன பிறகு இந்த வீட்டில் அவரும் நானும். தனுஜன் பட்டம் வாங்கிய படம் இப்போதும் அவருடைய கட்டில் தலைமாட்டில் இருக்கிறது. மனுசன் கோபப்படுவதில் நியாயம் இல்லையென்று சொல்ல மாட்டேன்.

மார்ச் 3

"நீ போ, பிள்ளை."

தேத்தண்ணீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற இடத்தில் நின்றேன்.

"போய் அவனைக் கூட்டிக்கொண்டு வா. ஆரும் நேர போய்க் கதைச்சாத்தான் அவனுக்கு விளங்கும். போனில கதைச்சு விளங்குற ஆள் இல்லை."

"ஓம் அப்பா" என்றேன், மிகவும் பொறுப்பான முகத்தோடு. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டுக் குதித்தேன். நாற்பத்தொரு வயது! ஒரு பஸ் சாரதி! டொரோண்டோ கலியாண வீடுகளையும் லண்டன் சித்தி வீட்டையும் தவிர இந்தக் கடவுச்சீட்டு எதைக் கண்டது? எத்தனை வருடமாக ஒரே பாதையில், ஒரே தரிப்பில் நின்று நின்று ஓடுகிறேன்.

நான் பசிபிக்குக்குப் போகிறேன்.

ஏப்ரல் 11

சேர்த்து வைத்திருந்த விடுமுறை முழுவதையும் கேட்டேன். தந்துவிட்டார்கள். டிப்போவில் என்னோடு பஸ் ஓட்டும் கிறேஸிடம் சொன்னபோது, "ஏய் அனோ, நீ அங்கேயே நின்றிடப் போறாய். உன்ர பஸ் பாதையை நான் எடுத்துக்கொள்ளட்டே?" என்றாள்.

தூண்டில் முட்கள், நைலோன் கயிறு, கோப்பித்தூள் கொண்டு வரச் சொல்கிறான் தம்பி. கலியாணத்துக்குப் பரிசு இதுதானாம். நான் கூறைச்சேலை மாதிரி இரண்டு பட்டுச்சேலையும் வைத்துவிட்டேன். ஆர் உடுக்கிறது என்று யோசிக்கவில்லை.

மே 14

அப்பா விமான நிலையத்தில் இறக்கிவிட்டார். பெட்டியை எடுத்துத் தந்துவிட்டு, "அவனிட்டச் சொல்லு…" என்று தொடங்கினார். பின்னால் நின்ற கார்க்காரன் ஹோர்ன் அடித்தான். அப்பா ஏறிப் போய்விட்டார்.

மே 16, குவாம்

புதன்கிழமை காலையில் ஹவாயில் விமானம் ஏறினேன். ஒரு படம் பார்த்தேன், ஒரு தூக்கம் போட்டேன். இறங்கினால் வியாழக்கிழமை பின்னேரம்! புதன் மத்தியானம் எனக்கு நடக்கவேயில்லை. பக்கத்து இருக்கை அமெரிக்கருக்கு இதில் ஒரு வியப்பும் இல்லை. தேதிக்கோட்டைத் தாண்டினால் இப்படித்தானாம்.

மே 18, யாப்

தனுஜனை எனக்கு அடையாளம் தெரியவில்லை!

கறுத்து, மெலிந்து, தாடியும் வெறுங்காலும். ஓடிவந்து கட்டிப்பிடித்தான். சிரித்தபோது பல்லெல்லாம் சிவப்பு. "ஐயோ, ரத்தம்!" என்று பதறிவிட்டேன். பாக்கும் வெற்றிலையுமாம். இங்கே எல்லாரும் போடுகிறார்கள், பொலிஸ்காரர் உட்பட.

"அப்பாவுக்கு இதைச் சொல்லிப்போடாதேங்கோ அக்கா."

"எதை? பல்லையோ, தாடியையோ, கலியாணத்தையோ?"

நாலு வருடம் என்பது ஒரு நிமிடத்தில் போய்விட்டது. கடற்கரைக் கல்லில் இருந்து இருட்டும்வரை கதைத்தோம். எதற்காக வந்தேன் என்பதை மட்டும் நான் சொல்லவில்லை.

மே 22

கப்பல் இன்றும் போகவில்லை.

மே 23

போகவில்லை. நாளைக்காம். இங்கே நாளை என்ற சொல்லை எல்லாரும் சிரித்துக்கொண்டுதான் சொல்கிறார்கள்.

மே 28, கப்பலில்

கடைசியில்! மேல்தட்டில் பாய் விரித்துப் படுத்திருக்கிறோம். சுற்றிவர அரிசி மூட்டைகள், குழந்தைகள், கிற்றார், நான்கு பன்றிகள். ஃபாலியெல்லில் தம்பிக்குக் கலியாணம் செய்து வைக்கப் போகும் பாதிரியாரும் எங்களோடுதான். குண்டான, எப்போதும் பாடுகிற மனிதர். தீவுகள் ஒவ்வொன்றாக வரும், ஆட்கள் இறங்குவார்கள், மூட்டைகள் இறங்கும், மறுபடி வெறும் நீலம். எனக்கு வாந்தி வரும் என்று தம்பி பந்தயம் கட்டினான். வாந்தியெடுத்தது அவன்.

மே 31, ஃபாலியெல்

வந்துவிட்டோம்!

முதலில் தென்னைகள் தெரிந்தன, தண்ணீரில் நட்டுவைத்தது போல. கிட்ட வந்தபோது வெள்ளை மணல். பவளப்பாறை வளையத்துக்குள் நுழைந்ததும் கடலின் நிறம் மாறியது. இந்த நிறத்துக்கு என்னிடம் சொல் இல்லை. எங்கள் மொன்றியல் பஸ்ஸின் நீலமும் இல்லை, பச்சையும் இல்லை.

எதிர்கொள்ள வந்தவை பாய்த்தோணிகள். ஒரு பக்கம் மிதவைக் கட்டை வைத்து, முக்கோணப் பாய் கட்டிய நீண்ட தோணிகள். இவற்றைக் காட்சிக்காக வைத்திருக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். இல்லை. இங்கே பெற்றோல் எப்போதாவதுதான் வரும். காற்று எப்போதும் வரும். நேற்றுப் புதிதாக இறக்கிய தோணி ஒன்றும் நின்றது, சின்னப் பெடியங்கள் அதில் ஏறக் கூச்சலிட்டுக்கொண்டிருந்தார்கள்.

கரையில் பெண்கள் வரிசையாக நின்றார்கள். இடுப்பில் கோடு போட்டு நெய்த துணி. மேலே ஒன்றுமில்லை. எங்கே பார்ப்பதென்று தெரியாமல் தென்னை மரங்களைப் பார்த்தேன். பிறகு ஒரு பெண் வந்து என் கழுத்தில் பூமாலை போட்டு, இரண்டு கன்னத்திலும் ஏதோ பூசினாள். மூக்கில் ஏறிய மணத்தில் அப்படியே நின்றுவிட்டேன்.

மஞ்சள்! எங்கட மஞ்சள்!

பூமியின் மறுபக்கத்தில், பெயரே கேள்விப்படாத ஒரு மணல்திட்டில், ஒரு பெண் என் முகத்துக்கு மஞ்சள் பூசுகிறாள். "விசேசம் எண்டா நாங்கள் பூசுவம்" என்றாள், நல்ல இங்கிலிஷில். "நாங்களும்" என்றேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்தோம்.

அவள்தான் லெசாரி.

ஜூன் 1

பெரிய பிழை விட்டுவிட்டேன்.

காலையில் தம்பி ஆண்களோடு தோணிக் கொட்டகையில் இருந்தான். நான் பின்னால் போய், சின்ன வயதில் செய்கிற மாதிரி, தலையில் ஒரு குட்டுக் குட்டினேன். ஒரு கிழவர் வேறு பக்கம் திரும்பிவிட்டார்.

இங்கே சகோதரி சகோதரனுக்கு மேலே நிற்கக் கூடாதாம்! அவன் இருந்தால் நாங்கள் குனிந்து போகவேண்டுமாம்! கடைசியில் லெசாரியின் அம்மா விழுந்து விழுந்து சிரித்ததால் எல்லாரும் சிரித்தார்கள். அவ என் கையைப் பிடித்துக் குனிந்து நடந்து காட்டினா. நானும் தனுஜனுக்கு முன்னால் குனிந்து நடந்தேன்.

"இன்னும் கொஞ்சம் கீழ அக்கா" என்றான் நாய்.

ஜூன் 5

கண் பழகிவிட்டது. இங்கே மார்பு தெரிவது ஒன்றுமில்லை, தொடை தெரிந்தால்தான் வெட்கக்கேடு. என் அரைக்காற்சட்டைகள் பெட்டிக்குள் போய்விட்டன. சேலை உடுத்தேன். ஊர்ப் பெண்களுக்கு அதில் கொள்ளை ஆசை. கொசுவத்தை அவிழ்த்து அவிழ்த்துப் பார்க்கிறார்கள்.

பின்னேரங்களில் ஆண்கள் வட்டமாக இருந்து தென்னங்கள் குடிக்கிறார்கள். தம்பியே மரத்தில் ஏறி இறக்குகிறான். எங்கட தம்பி! ஏணி வைத்து பல்ப் மாற்றப் பயந்தவன்.

இங்கே பிள்ளைகள் தாயின் குடும்பத்தைச் சேர்ந்தவர்கள். நிலமும் பெண்களுடையது. கலியாணம் முடித்தால் ஆண்தான் பெண்ணின் இடத்துக்கு வருகிறான். லெசாரி விஷயத்தில் கடைசிச் சொல் அவளுடைய தாய்மாமன் யாலிமாயுடையது. அகன்ற தோள், குறைந்த பேச்சு. இந்தத் தீவின் கடலோடிகளில் முதல் ஆள். தாய்மாமன் என்றால் எனக்கும் விளங்கும் என்று சொன்னேன். தலையாட்டினார்.

அப்பா சொன்னதை இன்னும் தம்பியிடம் கேட்கவில்லை. நாளைக்கு. நானும் இந்த ஊர்க்காரியாகிவிட்டேன்.

ஜூன் 9

பாதிரியாரைக் காணவில்லை!

முதலில் அடுத்த தீவுக்குப் போய்ப் பூசை வைத்துவிட்டு, அதே கப்பலில் திரும்பி வருவதாகத்தான் ஏற்பாடு. கப்பல் இயந்திரக் கோளாறு என்று அவரை அங்கேயே விட்டுவிட்டு யாப்புக்குத் திரும்பிவிட்டதாம். ரேடியோவில் செய்தி வந்தது. இங்கே பெற்றோலும் இல்லை.

யாலிமாய் வானத்தைப் பார்த்தார். "போய் ஏற்றிக்கொண்டு வருவம்" என்றார், மூலைக் கடையில் பால் வாங்கி வருவோம் என்கிற மாதிரி. தோணியில் அவர், தம்பி, இன்னும் இரண்டு ஆண்கள். லெசாரிக்கு அங்கே பெரியம்மா இருப்பதால் அவளும் போகிறாள். நானும் வரலாமா என்று கேட்டேன். கேட்டது நான்தானா? யாலிமாய் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தண்ணி இறைப்பியளோ?"

"இறைப்பன்."

ஜூன் 12, அடுத்த தீவில்

உயிரோடு இருக்கிறேன். இதுதான் முதல் வசனம்.

விடியவே புறப்பட்டோம். ஃபாலியெல் பின்னால் சின்னதாகி, தென்னை நுனிகள் மட்டுமாகி, இல்லாமல் போயிற்று. சுற்றிவரக் கடல். எந்தப் பக்கமும் ஒன்றே. தோணி சும்மா போகவில்லை, பறந்தது! மிதவைக் கட்டை தண்ணீரை விட்டு எழும்பும்போது ஆண்கள் அதன்மேல் பாய்ந்து இருப்பார்கள், நான் கத்துவேன். பயத்திலா, சந்தோசத்திலா? இரண்டும்தான். என் வாழ்க்கையில் இப்படிக் கத்தியதேயில்லை. பறக்கும் மீன் ஒன்று லெசாரியின் மடியில் வந்து விழுந்தது.

மத்தியானத்துக்குப் பிறகு ஒரு பக்கம் கறுத்தது. கறுப்பு எங்களை நோக்கி நடந்து வந்தது. யாலிமாய் ஒரு சொல் சொன்னார், பாய் இறங்கியது. அடுத்த நிமிடம் மழை. மழை அல்ல, யாரோ வாளி வாளியாக முகத்தில் ஊற்றினார்கள். அலை உள்ளே ஏறியது. லெசாரிக்கும் எனக்கும் ஆளுக்கொரு மரக்கிண்ணம். இறைத்தோம், இறைத்தோம். கை மரத்துப்போய் யாருடையதோ போல ஆயிற்று.

அப்போதுதான் 'டக்' என்று ஒரு சத்தம். மிதவைக் கட்டையைப் பிடித்திருந்த கட்டு ஒன்று விட்டுவிட்டது. தனுஜன் ஏற்கெனவே கயிற்றைப் பல்லில் கடித்தபடி தண்ணீருக்குள் இருந்தான். அலை அவனை மூடியது. மூடியது, திறந்தது, மூடியது. "தம்பி! டேய் தம்பி!" என்று அலறினேன். யாலிமாய் மறுபக்கத்தில் இறங்கினார். இருவரும் ஒரு பேச்சில்லாமல் கட்டினார்கள். ஒருவன் இழுக்க மற்றவர் சுற்ற. ஏறி வந்தபோது தம்பியின் விரல்களில் ரத்தம். அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

அந்தச் சிரிப்பைப் பார்த்தேன். இவனை எப்படி நான் கூட்டிக்கொண்டு போவேன்? இவன் ஒளித்து விளையாட வந்தவன் இல்லை. இவன் இந்தத் தோணியில் ஒரு ஆள்.

அதைத்தான் நினைத்து இறைத்துக்கொண்டிருந்தேன். லெசாரி என் காதுக்குக் கிட்ட வாயைக் கொண்டுவந்து கத்தினாள்:

"அக்கா! எனக்கு உங்கட ஊருக்கு வரவேணும்!"

"என்ன?"

"மொன்றியலுக்கு! படிக்க!"

"இப்பவோ சொல்லுறாய்?"

"இப்பத்தான் அவைக்குக் கேக்காது!"

மழை அடிக்கிறது, தோணி ஆடுகிறது, நாங்கள் இரண்டு பேரும் இறைத்துக்கொண்டே கதைக்கிறோம். அவளுக்குத் தம்பி படித்த அதே இடத்தில் மண்ணைப் பற்றிப் படிக்க வேண்டுமாம். "எங்கட சேம்புத் தோட்டத்தை அவர் பார்க்கிறதைவிட நான் பார்த்தா நல்லமெல்லோ? என்ர அம்மாவின்ர நிலம் அது." தம்பியிடம் கேட்டிருக்கிறாள். முடியாது என்றானாம். ஏன் என்று கேட்டால் எழும்பிப் போய்விடுகிறானாம்.

மழை விட்டது. பாய் ஏறியது. வெயில் சாயும் நேரம் வெள்ளைப் பறவைகள் கூட்டமாக ஒரே திசையில் பறந்தன. யாலிமாய் அந்தப் பக்கம் பார்க்கக்கூட இல்லை; தோணி ஏற்கெனவே அங்கேதான் போய்க்கொண்டிருந்தது. அடிவானத்தில் ஒரு மயிர்க்கோடு. தீவு!

கரையில் பாதிரியார் பாடிக்கொண்டு நின்றார்.

ஜூன் 14

திரும்பி வந்துவிட்டோம். வரும்போது கடல் கண்ணாடி. பாதிரியார் வாந்தி.

இன்றைக்குத் தம்பியிடம் கேட்டேன், லெசாரி சொன்னதை. முகம் மாறிவிட்டது.

"அப்பா சொல்லித் தந்து விட்டவரோ?"

"இல்லையடா."

"பொய் சொல்லாதேங்கோ. என்னைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னவர், என்ன? அதுக்கு லெசாரியைப் பிடிச்சிட்டியள்."

கூட்டிவரச் சொன்னது உண்மைதானே! நான் என்ன சொல்ல? அவன் போய்விட்டான்.

ஜூன் 15

கதைக்கிறானில்லை. நான் என்ன பாவம் செய்தனான்? இவ்வளவு தூரம் வந்து, தண்ணி இறைச்சு, குனிஞ்சு நடந்து — எனக்கு இது வேணுமோ? அப்பாவும் வேண்டாம், இவனும் வேண்டாம். பஸ்ஸே போதும். பஸ்ஸில ஆரும் என்னோட கோவிக்கிறேல்ல.

ஜூன் 17

லெசாரி நேரே மாமனிடம் போய்விட்டாள். எல்லாரும் இருக்கும்போது, அம்மா, பாதிரியார், தம்பி, நான். யாலிமாய் கயிறு திரித்துக்கொண்டே கேட்டார். முழுவதும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி: "எப்ப திரும்பி வருவாய்?"

"படிச்சு முடிச்ச உடன."

"சரி. போ."

அவ்வளவுதான்! மாதக்கணக்காகத் தம்பி எழும்பி எழும்பிப் போன விஷயம். இங்கே போவது பெரிய விஷயமில்லைப் போலிருக்கிறது. பிறகு யாலிமாய் தம்பியின் பக்கம் திரும்பினார். "அங்க குளிராமே. அவளைத் தனிய விடாதை." தம்பி தலையைக் குனிந்துகொண்டு இருந்தான். லெசாரியின் அம்மா சும்மா ஒரு பாட்டை முணுமுணுக்கத் தொடங்கினா, கூட்டம் கலைந்தது.

ஜூன் 19

அதிகாலை, பவளப்பாறைப் பக்கம் மீன் பொறுக்கப் போனேன். தனுஜன் பின்னால் வந்தான். முழங்கால் தண்ணீரில் நின்றோம்.

"எனக்கு அப்பான்ர முகத்தைப் பார்க்கப் பயம் அக்கா."

"எதுக்கு?"

"நான் ஏதோ பெரிய ஆளா வருவன் எண்டு எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரிஞ்சவர். நான் இஞ்ச கிழங்கு கிண்டிறன். எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு. இதை எப்பிடி அவருக்குச் சொல்லுறது?"

"கட்டு விட்டபோது கடலுக்க குதிச்சாயே, அப்ப பயமில்லையோ?"

"அது கடல்தானே" என்றான்.

சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. அவனுக்கும். குனியாமல் நின்று ஒரு குட்டு வைத்தேன். பார்க்க யாரும் இல்லை.

"லெசாரிக்கு பூட்ஸ் அளவு எப்பிடி அக்கா எடுக்கிறது? அவள் செருப்பே போட்டதில்லை."

ஜூன் 22, சனி

கலியாணம்! எழுத நேரமில்லை. மஞ்சள் தலையில் இருந்து கால்வரை. லெசாரி தன் நெய்த துணியோடு, மேலே என் பட்டுச்சேலையை மடித்துப் போட்டிருந்தாள். பாதிரியார் பாட, பெண்கள் நிலம் அதிர ஆட, என்னையும் இழுத்துவிட்டார்கள். நான் ஆடினேன். நான்! ஆமை, மீன், ஈரப்பலா, நான் கொண்டுவந்த கோப்பி. யாலிமாய் கள்ளை எனக்கும் ஒரு சிரட்டையில் ஊற்றி நீட்டினார். ஆண்களின் வட்டத்தில் ஒரு பெண்ணுக்கு! தண்ணி இறைத்ததற்காக என்று தம்பி சொன்னான்.

குடித்தேன். அப்பாவுக்கு இதுவும் சொல்லமாட்டேன்.

ஜூலை 10, இல்-பிசார்

வீடு. பெட்டிக்குள் இருந்து மணல் கொட்டுகிறது. அப்பா வாசலில் நின்று என் பின்னால் பார்த்தார், யாராவது வருகிறார்களா என்று. பிறகு பெட்டியை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

ஜூலை 14

அப்பா ஒன்றும் கேட்கவில்லை. நானே எல்லாவற்றையும் சொன்னேன். அவர்கள் வருவார்கள் என்றும் சொன்னேன். ஆனால் மறைக்கவில்லை: "படிச்சு முடியத் திரும்பிப் போயிருவினம் அப்பா. அங்கதான் இருக்கப் போறான். அவனுக்கு அதுதான் பிடிச்சிருக்கு."

அப்பா எழும்பி ஜன்னலைச் சாத்தினார்.

"வந்தாத்தானே போகலாம்" என்றார்.

ஜூலை 15

தோணியில் போனில் எடுத்த வீடியோவைக் காட்டினேன். மழைக்குச் சற்று முன் எடுத்தது, கறுப்பு வருவதும் பாய் இறங்குவதும். மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தார். திரும்பப் போடச் சொன்னார்.

"பாயை இறக்கினது சரி. இன்னும் கொஞ்சம் நிண்டிருந்தா பிரட்டிப்போட்டிருக்கும்." பிறகு: "தண்ணிக்க குதிச்சது இவனோ?"

"ஓம்."

"மடையன்" என்றார். குரலில் கோபம் இல்லை.

2025 ஜனவரி 19

மைனஸ் இருபத்தாறு. காலை பஸ் ஒன்று கிளம்பவேயில்லை. லெசாரிக்குப் பல்கலைக்கழக அனுமதி கிடைத்துவிட்டது! செப்டம்பரில் வகுப்பு. பள்ளிக்கூடத்து இணையம் வந்தபோது தம்பியும் அவளும் ஒரே நேரத்தில் கத்தினார்கள், ஒன்றும் விளங்கவில்லை, நானும் கத்தினேன். அப்பா சமையலறையில் இருந்து, "ஆர் செத்தது?" என்றார்.

மே 6

விசா இன்னும் வரவில்லை.

ஜூலை 2

வந்தது! வந்தது! வந்தது!

ஆகஸ்ட் 17, ஞாயிறு

விமான நிலையம். தம்பி தாடியை வழித்திருந்தான். அப்பாவைக் கண்டதும் நடுவழியில் நின்றுவிட்டான், வண்டிலோடு. பின்னால் வந்தவர்கள் இடித்தார்கள். அப்பாவும் நின்றார். இரண்டு பேருக்கும் நடுவில் தரையைத் துடைக்கிற ஒரு ஆள்.

லெசாரிதான் அசைந்தாள். நேரே வந்து, நான் வேண்டாம் வேண்டாம் என்று சைகை காட்டக் காட்ட, பையைத் திறந்து அப்பாவின் இரண்டு கன்னத்திலும் மஞ்சள் பூசிவிட்டாள். எங்கும் சனம். அப்பா துடைக்கவில்லை.

"களைச்சுப் போனியள். வாங்கோ" என்றார், இருவருக்கும் பொதுவாக. தமிழில்தான் சொன்னார். லெசாரி, "ஓம் மாமா" என்றாள். எப்போது பழகினாள்? தம்பியைப் பார்த்தேன். அவன் வேறு பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

செப்டம்பர் 11

இல்-பிசாரில் இருந்து சென்ட்-ஆனுக்கு பஸ் பிடிப்பது எவ்வளவு கரைச்சல் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? அப்பா லெசாரியைக் காரில் கொண்டுபோய் விடுகிறார். "அந்தப் பக்கம் எனக்கு வேலை இருக்குது" என்கிறார். ஒரு வேலையும் இல்லை. பின்னேரமும் அதே வேலை இருக்கிறதாம், கூட்டிவரப் போகிறார். இருவரும் என்ன மொழியில் கதைக்கிறார்கள் என்று தெரியவில்லை. அப்பாவின் சமையலறை இங்கிலிஷ், அவளுடைய பள்ளிக்கூட இங்கிலிஷ், கொஞ்சம் தமிழ்.

தம்பி வளாகத்தில் செடி வளர்க்கும் கண்ணாடி வீட்டில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். அப்பாவும் அவனும் இன்னும் காலநிலையைப் பற்றித்தான் கதைக்கிறார்கள். ஆனால் நிறையக் கதைக்கிறார்கள்.

செப்டம்பர் 28, ஞாயிறு

நல்ல வெயில். லெசாரி இன்னும் தண்ணீர்ப் பக்கம் போகவில்லை என்று நாலு பேரும் காரில் வெளிக்கிட்டோம். ஆற்றைக் கடந்து லவால் பக்கம் போகிற சின்னப் படகுக்கு. கார்களையும் ஏற்றி, கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிற தட்டையான படகு. ஏறிய நேரம் தொட்டு லெசாரிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பாயும் இல்லை, காற்றும் வேண்டாம், போகிற இடம் கண்ணுக்கு முன்னால் தெரிகிறது. இதை ஓட்ட ஒரு ஆள் எதற்கு என்று கேட்டாள். அப்பாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவர் இப்படிச் சிரித்து நான் கண்டு கனகாலம்.

மறுகரை வந்தது. தம்பியும் நானும் காரை இறக்கி ஓரமாக நிறுத்தினோம். திரும்பிப் பார்த்தால் அவர்கள் இருவரும் இன்னும் படகின் முன் கம்பியில் சாய்ந்தபடி. அப்பா கையை நீட்டித் தண்ணீரின் சுழிப்பைக் காட்டி ஏதோ சொல்கிறார். அவள் மறுத்துத் தலையாட்டி வேறு பக்கம் காட்டுகிறாள். அப்பா குனிந்து பார்க்கிறார்.

"அப்பா! வாங்கோ, போவம்!" என்று கூப்பிட்டேன்.

"நீங்கள் நில்லுங்கோ. நாங்கள் இன்னொருக்காப் போட்டு வாறம்."

படகின் தடுப்புக் கதவு மூடியது. படகு மறுபடி கிளம்பியது. தனுஜன் கரைக் கல்லில் குந்தினான். நானும் அவனுக்குப் பக்கத்தில் குந்தினேன்.